சத்தம் நின்றதும் கையை இறக்கவும்

அந்தச் சபையில் பாட்டு நின்றதும் ஒரு விசில் கேட்கும். பல்லிடுக்கில் காற்றை விட்டு யாரோ யாரையோ கூப்பிடுகிற மாதிரி, மெலிசாக, விடாமல். புதிதாக வந்தவர்கள் திரும்பித் திரும்பிப் பார்ப்பார்கள். பழகியவர்கள் கண்டுகொள்ள மாட்டார்கள். மேடைக்குப் பக்கத்துக் கண்ணாடி அலமாரியிலிருந்து வருகிறது என்று அவர்களுக்குத் தெரியும்.

சாட்சி அலமாரி என்று அதற்குப் பெயர். ஜெபித்துச் சுகமானவர்கள் இனிமேல் தேவையில்லை என்று விட்டுப்போனதெல்லாம் அதற்குள் இருந்தது. மூக்குக்கண்ணாடிகள், கைத்தடிகள், இடுப்பு பெல்ட்டுகள், முழங்கால் உறைகள். கீழ்த்தட்டில் காது மெஷின்கள். காது மெஷினை அணைக்காமல் கழற்றி மூடின இடத்தில் போட்டால், அதன் சத்தம் அதற்குள்ளேயே திரும்பத் திரும்பப் புகுந்து கீச்சென்று கத்த ஆரம்பித்துவிடும். பேட்டரி சாகும்வரை கத்தும். பேயுமில்லை, பிசாசுமில்லை. ஆனாலும் ஆராதனை முடிந்து அந்த ஹாலைப் பெருக்கத் தனியாக வர ஒருத்தருக்கும் தைரியம் கிடையாது. அல்லேலூயா சொல்கிற வாய் வேறு, நடுங்குகிற கால் வேறு அல்லவா!

அது ஏன் கத்துகிறது என்று அங்கே ஒருத்திக்குத்தான் தெரியும். மெஷின் சிஸ்டர் என்று அவளைக் கூப்பிடுவார்கள். காது மூக்கு தொண்டை டாக்டர் ஒருவரிடம் அவளுக்கு வேலை. வருகிறவர்களின் காதைச் சோதித்து, அச்செடுத்து, மெஷின் மாட்டி அனுப்ப வேண்டும். கீழ்த்தட்டில் கிடந்ததில் பாதிக்கு மேல் அவள் கையால் மாட்டியது. காதுக்குள் போகிற அச்சின் வளைவைப் பார்த்தே இது இன்னாருடையது என்று சொல்லிவிடுவாள். வாரநாளில் மாட்டிவிடுவாள், ஞாயிற்றுக்கிழமை அது அலமாரிக்குள் விழுவதை உட்கார்ந்து பார்ப்பாள். பார்த்துவிட்டு எல்லாரோடும் சேர்ந்து கைதட்டவும் செய்வாள். தட்டாமல் என்ன செய்வது? பிறந்ததிலிருந்து அந்தச் சபை. முழுக்கு ஞானஸ்நானம் எடுத்தது அங்கே, தாலி ஏறியது அங்கே, அம்மாவை அடக்கம் செய்ய வந்து நின்றதும் அந்தச் சனங்கள்தான்.

அந்தச் சபையில் ஒரு சட்டம் உண்டு. ஜெபம் முடிந்தபின் “சரியாயிடுச்சா?” என்று யாரையும் கேட்கக் கூடாது. கேட்பது சந்தேகம், சந்தேகம் நுழைந்தால் சுகம் வெளியே போய்விடும் என்பார் பாஸ்டர். அதனால் கண்ணாடியை அலமாரியில் போட்ட ஓர் அண்ணன் பாட்டுப் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு முதல் வரிசையில் நின்று உருகி உருகிப் பாடுவார். ஒருத்தரும் வாய் திறக்க மாட்டார்கள். காது மெஷினை அலமாரியில் போட்டவர்களோ இருட்டியபின் இவள் வேலை செய்கிற இடத்தின் பின்வாசலுக்கு வருவார்கள்.

“சிஸ்டர், அதே மாதிரி இன்னொண்ணு குடுங்க. முடிக்குள்ள மறைஞ்சுடுமில்ல?”

“பழசை எடுத்துக்கலாமே பிரதர்.”

“ஐயையோ, சாட்சி சொல்லிட்டனே! எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுப் போய்க் கேக்கிறது?”

சிரிப்பு வரும். வாயை மூடிக்கொண்டு மாட்டி அனுப்புவாள். பெரியவர்கள், விவரம் தெரிந்தவர்கள், அவர்கள் காது, அவர்கள் பாடு என்று விட்டுவிடலாம். அவளுடைய மகள் சிட்டுவின் விஷயம் அப்படி விடக்கூடியதா?

சிட்டுவுக்குப் பிறக்கும்போதே காது மந்தம். மெஷின் இல்லாவிட்டால் பக்கத்தில் பாத்திரம் விழுந்தாலும் திரும்பாது. கைக்குழந்தையிலேயே மெஷின் மாட்டி, மடியில் உட்கார வைத்து, ஒவ்வொரு எழுத்தாக ஊட்டி ஊட்டித்தான் பேச்சு வந்தது. இப்போது பள்ளிக்கூடம் போகிற பிள்ளை, வாயை மூட மாட்டேன் என்கிறாள். ‘மழை’ என்று நாக்கு சுத்தமாகச் சொன்ன அன்றைக்கு மெஷின் சிஸ்டர் அடுப்படியில் நின்று விக்கி விக்கி அழுதாள். கொஞ்ச காலம் மெஷின் இல்லாமல் விட்டால் போதும், வந்த வார்த்தையெல்லாம் வந்த வழியே போய்விடும். இது அவளுக்கு நன்றாகத் தெரியும். அவள் புருஷனுக்கும் தெரியும். தெரிந்தும் அந்த மனுஷனுக்கு விசுவாசம் ஒரு பங்கு கூடுதல்.

அவன் ஃப்ரிட்ஜ் மெக்கானிக். ஞாயிற்றுக்கிழமையில் சபையின் மைக், ஸ்பீக்கர் எல்லாம் அவன் பொறுப்பு. நல்ல மனுஷன், பெண்டாட்டியை ஒரு வார்த்தை கடிந்து பேசாதவன். ஆனால் பாஸ்டர் சொல்லிவிட்டால் அதற்கு மேல் அப்பீல் கிடையாது.

எல்லாம் அவன் அம்மாவிடமிருந்துதான் ஆரம்பித்தது. அத்தைக்கு வயதானதில் காது போய் மெஷின் போட்டிருந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை தானே எழுந்து, மெஷினைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, பாஸ்டர் முன்னால் போய் நின்றுவிட்டாள். பாஸ்டர் வாயைத் திறக்கவும் கரண்ட் போகவும் சரியாக இருந்தது. ஃபேன் நின்றது, மைக் செத்தது. அவர் குரல் மைக்குக்குப் பழகின குரல், மைக் இல்லாமல் அவருக்குக் கத்த வரவில்லை. இரண்டு உள்ளங்கையாலும் அத்தையின் காதுகளைப் பொத்திக்கொண்டு பேசாமல் நின்றார். ரொம்ப நேரம் நின்றார். கையை எடுத்தபோது அவர் முகத்தில் ரத்தமே இல்லை.

அத்தை தலையைச் சாய்த்து எதையோ உற்றுக் கேட்டாள். பிறகு, “கேக்குது” என்றாள்.

ஹாலே எழுந்து நின்று ஆர்ப்பரித்தது. அந்த ஆர்ப்பரிப்புக்கு அத்தை திரும்பவே இல்லை. அதைக் கவனித்தது மருமகள் ஒருத்திதான்.

வீட்டுக்கு வந்தபின் பார்த்தால், கூப்பிட்ட குரலுக்கு அத்தை திரும்பவில்லை. குக்கர் காதடியில் விசிலடித்தது, அசையவில்லை. முன்பு போலவே வாயசைவைப் பார்த்தும் கைச்சாடையைப் பார்த்தும்தான் புரிந்துகொண்டாள். சரி, வழக்கமான கதைதான் என்று மெஷின் சிஸ்டர் நினைத்தாள். இன்னொரு மெஷின் எடுத்து வைக்கவும் செய்தாள். அப்போதுதான் ஒரு நாள் துணி மடித்துக்கொண்டிருந்த அத்தை தலையை நிமிர்த்தி, காது கேளாதவர்களுக்கே உரிய அந்தத் தட்டையான பெரிய குரலில் சொன்னாள்: “மேல்வீட்டுக்காரிக்கு நெஞ்சில கட்டியாமே. பாவம், புருஷன்கிட்டகூடச் சொல்லாம அழுதுகிட்டு இருக்கா.”

மெஷின் சிஸ்டர் மாடியேறிப் போய், அது இது என்று சுற்றி வளைத்து, கடைசியில் கேட்டேவிட்டாள். மேல்வீட்டுக்காரியின் முகத்தில் ஈயாடவில்லை.

“யார் சொன்னது? நான் யார்கிட்டயும் வாயைத் திறக்கலையே! சாமிகிட்ட மட்டும்தான்... அதுவும் மனசுக்குள்ள.”

இறங்கி வரும்போது படியில் கால் வைக்கவே பயமாக இருந்தது. விஷயம் கேட்ட புருஷனோ கண்ணீர் விட்டான். “பாத்தியா? பாத்தியா? அம்மாவுக்குக் காது திறந்துடுச்சு!” என்று அப்போதே பாஸ்டருக்குப் போன் போட்டான். போனை வைத்தபோது அவன் முகம் ஜொலித்தது.

“அடுத்த ஞாயிறு சிட்டுவை முன்னால கொண்டு வரச் சொல்லிட்டார்.”

“என்னங்க, உங்களுக்குப் புத்தி கித்தி பிசகிப்போச்சா? மெஷின் இல்லாம புள்ள எப்படி...”

“எங்கம்மாவுக்கு நடந்தது எம் புள்ளைக்கு நடக்காதா?” அவன் கேட்டதில் கோபம் இல்லை, கெஞ்சல்தான் இருந்தது. “நீயே அம்மாவைச் சோதிச்சுப் பாரு. பாஸ்டரும் அதைத்தான் சொன்னார். நீ வந்து சாட்சி சொன்னா டாக்டரே சொன்ன மாதிரியாம்.”

அதுதான் அவளுக்குக் கிடைத்த ஒரே பிடி. அத்தைக்குக் கேட்கவில்லை என்று சோதனைத் தாளில் கோடு கிழித்துக் காட்டிவிட்டால் சிட்டு தப்பித்தாள்.

மறுநாளே அத்தையைக் கூட்டிக்கொண்டு போனாள். சோதனை அறை ஓர் ஆள் உட்காரும் அளவுக்குச் சின்னது. சுவரெல்லாம் பஞ்சு வைத்து அடைத்தது. உள்ளே போய்க் கதவைச் சாத்தினால் தன் கழுத்து நரம்பு துடிப்பதே கேட்கும். அத்தையை உள்ளே உட்கார வைத்து ஹெட்போன் மாட்டினாள். சிட்டுவோடு வீட்டில் விளையாடுகிற அதே விளையாட்டுத்தான், கையால் சாடை காட்டினாள்: சத்தம் கேட்டா கையைத் தூக்குங்க. கேக்கிற வரைக்கும் தூக்கியே வச்சிருங்க. சத்தம் நின்னதும் இறக்குங்க.

வெளியே வந்து கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பட்டனை அழுத்தினாள். அத்தை அசையவில்லை. ஏற்றினாள். இன்னும் ஏற்றினாள். மெஷின் தாங்குகிற அளவுக்கு ஏற்றியும் அத்தை கண்ணை மூடிக்கொண்டு மடியில் கைவைத்துச் சிவனே என்று உட்கார்ந்திருந்தாள். இரண்டு காதும் சுத்தம். அடியோடு போயிருந்தது.

அப்பாடா என்று பட்டனிலிருந்து கையை எடுத்தாள். இதைக் காட்டினால் மட்டும் அந்த மனுஷன் கேட்கவா போகிறான்? ஐயோ, என் பிள்ளையை விட்டுடு, அந்தக் காதைப் பிடுங்கிடாதே, விட்டுடு, விட்டுடு என்று உள்ளுக்குள் கதறினாள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அத்தையின் கை உயர்ந்து நின்றது.

மெஷின் சிஸ்டர் சத்தம் போகும்போது எரிகிற விளக்கைப் பார்த்தாள், பட்டனைப் பார்த்தாள். எந்தச் சத்தமும் போகவில்லை. திகைப்பில் அவள் மனசு வெறுமையாக நின்றது. அத்தையின் கை மெல்ல இறங்கியது. விட்டுடு, என்று இவள் மறுபடி நினைத்தாள். கை ஏறியது. நிறுத்தினாள். இறங்கியது.

கதவைத் திறந்துகொண்டு ஓடினாள். என்ன கேட்டது என்று சாடையால் கேட்டாள்.

“நீதாம்மா” என்றாள் அத்தை. “‘எம் புள்ளைய விட்டுடு, விட்டுடு’ன்னு அப்படிக் கெஞ்சுறியே. இத்தனை நாள் உன்கிட்டருந்து ஒரு முணுமுணுப்புகூட வராது. இவளுக்கு ஜெபமே கிடையாதோன்னு நெனச்சேன்.”

அவளுக்குச் சுருக்கென்றது. சிட்டுவுக்குக் காது கேட்காது என்று தெரிந்த நாளிலிருந்து அவள் சபையில் வாயை மட்டும்தான் அசைத்துக்கொண்டிருந்தாள். அது யாருக்கும் தெரியாது என்றுதான் நிம்மதியாக இருந்தாள். சபையில் என்ன கேட்கிறது என்று வாயசைத்துக் கேட்டாள்.

“அங்கயா? அங்க ஒரே அமைதிம்மா. அங்கொண்ணும் இங்கொண்ணுமா யாராவது முனகுவாங்க. பாஸ்டர் வாயை வாயைத் திறக்கிறார், ஒண்ணும் வரமாட்டேங்குது. மைக்ல கோளாறு, நம்ம பயலுக்குக்கூடத் தெரியலயேன்னு நெனச்சுக்கிட்டேன்.” அத்தை குரலைத் தாழ்த்த முயன்றாள். காது கேளாதவள் தாழ்த்தினால் எவ்வளவு தாழும்? “அதெல்லாம்கூடப் பரவாயில்ல. அந்த மூச்சுதான் எனக்குப் பிடிக்கல.”

என்ன மூச்சு?

“போன்ல எதிர்ப்பக்கம் யாராவது பேசாம நின்னா கேக்குமே, அந்த மாதிரி. நீங்க ஒவ்வொருத்தரா கெஞ்சி முடிச்சதும் கேக்கும். யாரோ கேட்டுக்கிட்டு இருக்காங்க. பதில் சொல்றதில்ல. கேட்டுக்கிட்டே இருக்காங்க.”

ஆண்டவரா அத்தை என்று கேட்க வாயெடுத்தாள். கேட்க முடியவில்லை. அத்தையே சொன்னாள்: “நல்லவங்களா இல்லையான்னுகூட எனக்குத் தெரியலம்மா.”

அன்று சாயங்காலம் புருஷனிடம் ஒன்றுவிடாமல் சொன்னாள். அவன் வாயைப் பிளந்துகொண்டு கேட்டான். பயப்படுவான் என்று பார்த்தால், கையெடுத்துக் கும்பிட்டு ஸ்தோத்திரம் சொன்னான்.

“இதைவிடப் பெரிய சுகம் உண்டா?”

“நாம கூப்பிட்டா அத்தைக்குக் கேக்காதுங்க! நம்ம புள்ளைக்கும் அதுதான் வேணுமா? நீங்க ‘சிட்டு’ன்னு கூப்பிட்டா திரும்பாது, எவளோ மாடியில மனசுக்குள்ள அழுதா மட்டும் கேக்கும். அப்படி ஒரு காதா?”

“பாஸ்டர்கிட்ட வாக்குக் குடுத்துட்டேன்” என்றான். “வரலன்னு சொன்னா, அப்புறம் நம்மளை யார் மதிப்பாங்க? நாம யாரு?”

அந்தச் சபையை விட்டால் அவளுக்கும் வேறு யாரும் கிடையாது. அதுதான் கொடுமை.

ஞாயிற்றுக்கிழமை மெத்தைக் கடைக்கு மேலே இருந்த அந்த ஹாலில் எள் போட்டால் எள் விழாது. விஷயம் பரவியிருந்தது. அத்தையை முதல் வரிசையில் மாலை போடாத குறையாக உட்கார வைத்திருந்தார்கள். பாட்டு முடிந்தது. அலமாரியின் விசில் கேட்டது. பாஸ்டர் மெஷின் சிஸ்டரை மேடைக்குக் கூப்பிட்டார்.

அவரைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். ஆள் மோசமில்லை. ஆஸ்பத்திரியில் யார் கிடந்தாலும் முதல் ஆளாகப் போய் நிற்பார். இவள் அம்மாவின் பெட்டியைத் தோளில் சுமந்தவர். ஆனால் மேடையேறிவிட்டால் வேறு ஆள். அன்றைக்கு அவர் கண்ணுக்குக் கீழே கருத்துக் கிடந்தது.

“சிஸ்டர், ஒரே வார்த்தை சொல்லுங்க. அம்மாவைச் சோதிச்சீங்களே. கேக்குதா, இல்லையா?”

மைக்கை நீட்டினார். அவள் வீட்டிலிருந்து கிளம்பும்போதே பல்லைக் கடித்துக்கொண்டு ‘இல்லை’ என்று சொல்லத்தான் வந்தாள். ஆனால் முன்வரிசையிலிருந்து அத்தை அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பொய் நாக்கில் வந்து நின்று அப்படியே காய்ந்துபோனது.

“கேக்குது” என்றாள். “ஆனா நாம பேசுறது...”

அதற்கு மேல் யார் கேட்டார்கள்! டிரம்ஸ் முழங்கியது, கைதட்டல் கூரையைப் பிய்த்தது. மீதி வார்த்தையை அவள் கத்திச் சொன்னாள், அவளுக்கே கேட்கவில்லை. உண்மையைச் சொல்லப்போய்ப் பிள்ளையைக் கையில் பிடித்துக் கொடுத்தாகிவிட்டது. அதற்குள் அவள் புருஷன் சிட்டுவைத் தூக்கிக்கொண்டு வந்து மேடை நாற்காலியில் நிற்க வைத்திருந்தான்.

பாஸ்டர் குனிந்து பிள்ளையின் காதுகளிலிருந்து மெஷின்களைக் கழற்றினார். ஒரு கையில் மூடிப் பிடித்துக்கொண்டார். மூடின கைக்குள் அவை கத்த ஆரம்பித்தன. மைக் பக்கத்திலேயே இருந்ததால் அந்தக் கீச்சு ஹால் முழுக்கப் பரவியது. அலமாரியில் இருந்தவையும் கத்திக்கொண்டிருந்தன. இரண்டும் ஒன்றையொன்று கூப்பிடுகிற மாதிரி இருந்தது. சிட்டுவுக்கு ஒன்றும் கேட்கவில்லை. எல்லார் வாயும் அசைவதைப் பார்த்து மிரண்டு, அம்மா எங்கே என்று தேடினாள்.

பாஸ்டர் பிள்ளையின் தலையில் கைவைத்தார். “இயேசுவின் நாமத்தினாலே!” என்று ஆரம்பித்தார். ஸ்பீக்கர் அதிர்ந்தது. அதிகாரத்தோடு கட்டளையிட்டார், செவிட்டு ஆவியைத் துரத்தினார், நெற்றியில் வேர்வை ஓடியது.

“ஐயா” என்றாள் அத்தை.

உரத்த, தட்டையான குரல். பாஸ்டர் நிறுத்தவில்லை.

“ஐயா, மைக் வேலை செய்யலயா? ஒண்ணும் கேக்கலயே.”

பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பாஸ்டர் குரலை இன்னும் ஏற்றினார். சன்னல் கண்ணாடி நடுங்கியது.

“வாய்தான் அசையுது” என்று அத்தை பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள். “சத்தத்தைக் காணோம். எத்தனை நாளா இப்படி!”

பாஸ்டர் நின்றுவிட்டார். திறந்த வாய் திறந்தபடி இருந்தது. பிறகு மெல்ல மூடிக்கொண்டார். ஹால் கப்சிப் என்று ஆகிவிட்டது. கீச்சு மட்டும் கேட்டது. பிள்ளையின் தலையில் வைத்த கையை அவர் எடுக்கவில்லை. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார்.

அத்தை தலையைச் சாய்த்தாள். “ஆங்” என்றாள். “இப்ப கேக்குது.”

பாஸ்டரின் உதடு ஒட்டிக்கிடந்தது. அத்தையோ யாரோ சொல்லச் சொல்லத் திருப்பிச் சொல்கிறவள் போல, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னாள்: “‘எனக்கு ஒண்ணும் வரமாட்டேங்குது. ரொம்ப காலமாச்சு. அன்னைக்குக் கரண்ட் போனப்ப வந்தது என்னால இல்ல. அது என்னன்னே எனக்குத் தெரியல. பயமா இருக்கு. இந்தப் புள்ளையை நான் கெடுக்கப் போறேன். தடுங்க. யாராவது தடுங்க.’”

பாஸ்டர் கண்ணைத் திறந்தார். அத்தையைப் பார்த்தார். அந்தப் பார்வையை மெஷின் சிஸ்டர் சாகும்வரை மறக்க மாட்டாள். பொய் சொல்கிறாள் இந்தக் கிழவி என்று அவர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், சபை நம்பியிருக்கும். சொல்லவில்லை. உள்ளங்கையை விரித்து மெஷின்களை மருமகளிடம் நீட்டினார்.

“மாட்டிவிடுங்க சிஸ்டர்.”

அவள் மாட்டினாள். அவற்றின் கீச்சு நின்றது. சிட்டு, “அம்மா, ஏன் எல்லாரும் சும்மா நிக்கிறாங்க?” என்று கேட்டாள். ‘நிக்கிறாங்க’ என்று அட்சர சுத்தமாகச் சொன்னாள்.

பாஸ்டர் ஆசீர்வாதம் சொல்லாமலே மேடையை விட்டு இறங்கி, பின்பக்கப் படி வழியாகப் போய்விட்டார். அவள் புருஷன் மைக் மேசைக்குத் திரும்பிப் போய்ச் சத்தத்தைக் கீழே இறக்கினான். யாரும் யாரோடும் பேசவில்லை. பேசாதது மட்டுமா, நினைக்கவே பயந்தார்கள். அத்தை எழுந்து திரும்பியதும், கூட்டம் ஒதுங்கி வழிவிட்டது. நேற்றுவரை அவள் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டவர்கள் சுவரோடு ஒட்டிக்கொண்டார்கள். புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துப் பாடுகிற அந்த அண்ணன்தான் முதலில் அலமாரியைத் திறந்தார். தன் கண்ணாடியைத் தேடி எடுத்து, சட்டை நுனியால் துடைத்து மாட்டிக்கொண்டு, ஹாலைச் சுற்றிப் பார்த்தார். பிறகு ஒவ்வொருத்தராக வந்தார்கள். கைத்தடி, பெல்ட், உறை. கீழ்த்தட்டும் காலியானது. விசில் இல்லாத அந்த ஹால் இன்னும் பயமாக இருந்தது.

வீட்டுக்குப் போக அவள் புருஷனின் வேனில் ஏறினார்கள். பின்சீட்டில் அத்தை ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு இடம் விட்டுத் தள்ளி உட்கார்ந்தாள். ஒடுங்கி உக்காராதீங்க அத்தை, தாராளமா உக்காருங்க என்று மருமகள் சாடை காட்டினாள்.

“இல்லம்மா, இருக்கட்டும்” என்றாள் அத்தை. “கூடவே வருது. அந்தக் கூட்டத்தில இருந்தப்ப எங்கயோ தூரத்தில இருந்துச்சு. பாஸ்டர் புள்ளை தலையில கைய வச்சுக்கிட்டுக் கெஞ்சினார் பாரு, அப்ப கிட்ட வந்துடுச்சு.”

அவள் புருஷன் வண்டியை எடுத்தான். கண்ணாடியில் பின்சீட்டை அவன் இரண்டு தடவை பார்த்ததை அவள் பார்த்தாள். வீடு வந்ததும், படியேறும்போது, “மன்னிச்சுடு” என்றான். அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்த ஒரு வார்த்தைக்கு அவள் எத்தனை நாளாகக் காத்திருந்தாள்!

மத்தியான வெயில் குளியலறைச் சன்னல் வழியாக விழுந்தது. சிட்டுவுக்குத் தலைக்குக் குளிப்பாட்ட உட்கார்ந்தாள். மெஷின்களைக் கழற்றி, மறக்காமல் அணைத்து, சன்னல் திட்டில் துண்டின்மேல் வைத்தாள். ஷாம்பு போட்டதும் சிட்டு வழக்கம்போலக் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். தலையைத் தேய்க்கத் தேய்க்க மெஷின் சிஸ்டருக்கு உடம்பெல்லாம் இளகியது. தப்பித்தோம். பிள்ளை பிழைத்தது. இனி அந்தச் சபை இருக்குமோ இல்லையோ, நாம் யாரோ எவரோ, என் பிள்ளை ‘மழை’ என்று சொல்லும். அது போதும். நன்றி, என்று உள்ளுக்குள் சொன்னாள். விட்டுவிட்டதற்கு நன்றி. யாரும் சொல்லச் சொல்லி அவள் சொல்லவில்லை. எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு, ஜெபிக்கிறோம் என்று தெரிந்தே ஜெபித்தாள். சொல்லி முடித்து நிறுத்தினாள்.

சிட்டுவின் கை மேலே ஏறியது. நுரை முழங்கை வழியாக ஒழுகியது.

விளையாடுகிறாள் என்று நினைத்தாள். வீட்டில் தினம் விளையாடுகிற விளையாட்டுத்தானே. குழாய் சொட்டிக்கொண்டிருந்தது, அதுவாக இருக்கும் என்று இறுக்கி மூடினாள். அதெப்படிக் கேட்கும், மெஷின்தான் திட்டில் கிடக்கிறதே என்பது அதற்கப்புறம்தான் உறைத்தது. மெஷினைத் தொட்டுப் பார்த்தாள். அணைத்தபடியே இருந்தது. சிட்டு கண்ணைத் திறக்கவில்லை. அம்மாவுக்கு எதிர்ப்பக்கம், கதவோரமாக, முகத்தைத் திருப்பி வைத்துக்கொண்டிருந்தாள்.

என் மூச்சுத்தான் அவள் கழுத்தில் படுகிறது, அதைத்தான் சொல்கிறாள் என்று தோன்றியது. ஆமாம், அதுதான், வேறென்ன? மெஷின் சிஸ்டர் மூச்சை அடக்கினாள். நெஞ்சு வலிக்கும்வரை அடக்கினாள். குளியலறையில் ஒரு பொட்டுச் சத்தமில்லை.

சத்தம் நின்றால் கையை இறக்க வேண்டும். சிட்டுவுக்கு அது நன்றாகத் தெரியும், ஒரு நாளும் தப்புச் செய்ததில்லை.

தூக்கின கை இறங்கவே இல்லை.